மடித்துப் பிடித்த துவக்கு

என் அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது, "அம்மா, நாளைக்குக் கந்தோருக்குப் போகேக்க இதைப் பெட்டியில போட்டுவிடுங்கோ" என்று ஒரு கடிதத்தை என்னிடம் தந்தாய். இன்றைக்குப் புதன்கிழமை. அது இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. மறந்துபோகவில்லை. மூன்று நாளும் கிளென் வேவர்லி ஸ்டேஷன் வாசலில் உள்ள தபால் பெட்டியைக் கடந்துதான் ரயில் ஏறினேன், கடந்துதான் வீட்டுக்குத் திரும்பினேன். பிரித்துப் பார்க்கவும் இல்லை. உள்ளே இருப்பதை நீயே சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டாய். அந்தக் கோதுமை விளையும் ஊரில் கிடைத்த மிருக வைத்தியர் வேலை உனக்கு வேண்டாம்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். அந்த ஊரின் பழைய வைத்தியர் இரண்டு நாள் உன்னைத் தன் காரில் ஏற்றிப் பண்ணை பண்ணையாகக் கூட்டிக்கொண்டு போனார். நீ ஒரு பசுவுக்குக் கன்று இறக்கினாய். அதில் அவருக்குக் குறை எதுவும் இருக்கவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம், மாட்டுப் பட்டி வாசலில் நின்று உன் தலையைப் பார்த்து, "அந்தப் பின்னலோட இஞ்ச வேலை செய்ய ஏலாது" என்றார். நீ ஒன்றும் பேசாமல் ரயிலேறி வந்துவிட்டாய். "எல்லா லொறியிலயும் பின் கண்ணாடியில துவக்குத் தொங்குது அம்மா. பால் வாங்க வாற மனுசனும் துவக்கோடதான் வாறான். அந்த ஆக்களுக்குப் பிடிக்கவேணும் எண்டு நான் ஏன் என்ர தலைமயிரை வெட்டவேணும்?" என்று கேட்டாய். அப்பா வழக்கம்போல, "வெட்டாட்டி சுட்டுப்போடுவாங்களோ?" என்று பகிடி விட்டார். நீ சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நான் எழும்பிக் குசினிக்குள் போனது கோப்பை கழுவுவதற்கு அல்ல. உன்னைப் போலவே நானும் ஒரு நாள் ஒரு கடிதம் எழுதினேன். அதை அன்றைக்கே தபாலிலும் போட்டேன். அந்த ஞாபகத்தை உன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

அந்தக் கதையின் ஒரு பாதி உனக்குத் தெரியும். சதுப்பு நிலத்தில் ஒரு வெள்ளைக்காரன் துவக்கோடு வந்து அம்மாவைத் துரத்தினான் என்று நீ பள்ளிக்கூடத்தில் உன் சிநேகிதிகளுக்குச் சொல்லியிருக்கிறாய். நான் வீட்டில் அப்படித்தான் சொன்னேன். ஆறு மாதம் அப்படித்தான் நம்பினேன். மற்றப் பாதியை இப்போது சொல்கிறேன். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. எழுதினால் கொஞ்சம் நேராக வரும்.

நாங்கள் மெல்பேர்னுக்கு வந்து மூன்றாவது வருடம். நீ பதினோராம் வகுப்பு. விலங்கியல் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் தட்டச்சு வேலை பார்த்த பிறகு, வனவிலங்குகளைக் கவனிக்கும் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் எனக்கு ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதத்தில் வாத்து வேட்டை தொடங்கும் நாளில், எங்கள் ஆட்கள் வடக்கே உள்ள சதுப்பு நிலங்களுக்குப் போவார்கள். சுடுகிறவர்கள் கொண்டுவரும் பறவைகளை அளந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறகை வெட்டி எடுத்து வருவார்கள். சிறகைப் பார்த்தே அது என்ன வாத்து, ஆணா பெண்ணா, குஞ்சா வளர்ந்ததா என்று சொல்லிவிடலாம். அதை வைத்துத்தான் அடுத்த வருடம் எத்தனை பறவை சுடலாம் என்று தீர்மானிப்பார்கள். வாழ்க்கையில் முட்டை கூடத் தொடாத நான் அந்த வேலைக்குப் பெயர் கொடுத்தபோது உன் அப்பா என்னை உற்றுப் பார்த்தார். "சாப்பிடப் போறதில்லை, எண்ணத்தான் போறன்" என்றேன்.

என்ன உடுத்துவது என்பதுதான் கேள்வி. உடன் வேலை செய்த பெண் ஒருத்தி தன் காற்சட்டையைத் தருகிறேன் என்றாள். நல்ல மனதோடு சொன்னாள். ஆனால் நான் ஆய்வுகூடத்திலும் வெள்ளை மேலங்கிக்குள் சேலைதான் உடுத்தேன், உனக்குத் தெரியும். இந்த நாட்டில் என் பட்டத்தை நம்பாதவர்கள் இருந்தார்கள். என் உச்சரிப்பைத் திரும்பச் சொல்லச் சொன்னவர்கள் இருந்தார்கள். சேலை ஒன்றைத்தான் நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் சதுப்புக்கும் சேலையோடுதான் போவது என்று முடிவு செய்தேன். பிறகு ஒரு விஞ்ஞானியைப் போல யோசித்தேன்: பருத்தி நனைந்தால் காயாது, நைலெக்ஸ் உடனே காயும். என்னிடம் இருந்த ஒரே நைலெக்ஸ் சேலை மாம்பழ மஞ்சள். அதைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, அப்பாவின் றப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு கம்பளிச் சட்டையை மாட்டினேன். கண்ணாடியில் பார்த்து, குறை சொல்ல ஒன்றும் இல்லை என்றுகூட நினைத்தேன்.

விடியுமுன் நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது நான் பார்த்தது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஊரில் துவக்கு என்றால் பொலிஸ்காரனிடம் இருக்கும். பெரிய வீட்டுச் சுவரில் எப்போதாவது ஒன்று மாட்டியிருக்கும். இங்கே முந்நூறு நானூறு ஆண்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பெண்கள், குடை பிடிப்பதுபோலத் துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள். ஒருவர் பேக்கரிக்காரர், ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர், ஒருவர் பல் வைத்தியர். யாரும் ஒளிக்கவில்லை, யாரும் காட்டவும் இல்லை. அவர்களுடைய உடுப்பைப் பார்த்து நான் முதலில் மனதுக்குள் சிரித்தேன். பழைய தொப்பி, சாயம் போன சட்டை, சாக்குத் துண்டில் தைத்த மேலங்கி. கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒன்றுகூடக் கைக்குக் கிடைத்ததை மாட்டியது அல்ல. ஒருவருடைய தொப்பியில் நாணற்புல் சொருகுவதற்கென்றே ஊசி வேலை. இன்னொருவருடைய மேலங்கியில் அவர் மனைவி தைத்த பச்சை ஒட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு பச்சை. கல்யாண வீட்டில் பெண்கள் ஒருத்தியின் சேலையை மற்றவள் பார்ப்பதுபோல, அவர்கள் ஒருவர் தொப்பியை ஒருவர் பார்த்தார்கள். "புதுசோ?" "இல்லையப்பா, போன வருசத்துச் சேறுதான்." இப்படித்தான் பேச்சு.

பிறகு எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். இடுப்பளவு நீரில், கம் என்கிற யூகலிப்டஸ் மரங்கள் செத்து நின்றவற்றுக்கு நடுவே, ஒவ்வொருவராக இல்லாமல் போனார்கள். நூற்றுக்கணக்கான மனிதர்கள் என் கண் முன்னாலேயே நாணலாகவும் மரக்கட்டையாகவும் ஆனார்கள். இருமல் சத்தம் கூட இல்லை. கோயிலில் திரை விலகுமுன் வரும் அமைதியைத் தவிர அதற்கு ஈடாக ஒன்றை நான் அறியவில்லை. அங்கேகூட யாராவது பேசுவார்கள். நான் கரையில், அளவுகோலும் கையுமாக நின்றேன். கிழக்கு வெளுத்தது. தூரத்தில் ஒரு கறுப்பு நூல் போல வாத்துக் கூட்டம் எழும்பி எங்களை நோக்கி வந்தது. கிட்ட வந்து, திடீரென்று வளைந்து, விலகிப் போய்விட்டது. இன்னொரு கூட்டம் வந்தது. அதுவும் அதே இடத்தில் வளைந்தது. மூன்றாவதும் அப்படியே. நாணலுக்குள்ளிருந்து யாரோ மெதுவாகக் கெட்ட வார்த்தை சொன்னார்கள்.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மனிதர் என்னை நோக்கி நடந்து வந்தார். அறுபது வயதிருக்கும். பெயர் லெஸ் என்று பிறகு தெரிந்தது. அந்தச் சதுப்பில் பறவைகளை அளக்கும் எங்கள் மேசையைப் போட்டு, கூடாரம் அடித்து, சுட்டவர்களை வரிசையில் நிறுத்திப் பறவைகளைக் காட்ட வைப்பது பல வருடங்களாக அவர்தான். சம்பளம் இல்லாத வேலை. அவருடைய இரட்டைக் குழல் துவக்கு நடுவில் மடிந்து, முழங்கை மேல் தொங்கியது. முகத்தில் சிரிப்பில்லை. "அந்த உடுப்போட இஞ்ச நிக்க ஏலாது, மிஸ்ஸஸ். போய் மாத்துங்கோ, இல்லாட்டி காருக்குள்ள இருங்கோ" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "லெஸ், கூடாரத்துக்குக் கால் முளைச்சிட்டுதோ?" என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள். காருக்குள் போய் ஏறி இருந்துகொண்டேன். மத்தியானம் வரைக்கும் வெடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மடியில் வைத்த அளவுகோலையே பார்த்தேன். எனக்குப் பயமில்லை. எனக்குள் ஒரு மாதிரித் திருப்தி இருந்தது. இதைத்தான் எதிர்பார்த்தேன், இதோ வந்துவிட்டது என்ற திருப்தி. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் திணைக்களத்தின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், கோபம் தெரியாமல், ஒரு பக்கத்துக்குள். "கையில் துவக்குடன் என்னை அணுகி, என் உடையின் காரணமாக அந்த இடத்தை விட்டு அகலும்படி சொன்னார்" என்று எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தபாலில் போட்டேன். இரண்டு கிழமைக்குள் பதில் வந்தது: வருந்துகிறோம், அந்த நபர் இனி எங்கள் மேசையில் பணியாற்ற மாட்டார். யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. அன்றைக்கு நீயும் அப்பாவும் எனக்குக் கேசரி கிண்டித் தந்தீர்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு எங்கள் கந்தோரில் ஒரு கூட்டம். வேட்டை நாளன்று ஒரு சக ஊழியர் எதிர்க்கரை மேட்டிலிருந்து எடுத்த படங்களை இருட்டறையில் சுவரில் போட்டுக் காட்டினார். சாம்பல் நிறத் தண்ணீர், கறுப்பு மரங்கள், மேலே ஒரு வாத்துக் கூட்டம். அடுத்த படத்தில் அந்தக் கூட்டம் இன்னும் கிட்ட. அதற்கடுத்த படத்தில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு திருப்பம். இன்னொரு கூட்டம், அதே திருப்பம். அந்தச் சாம்பல் முழுவதிலும், படத்தின் அடியில், ஒரே ஒரு நிறம் இருந்தது. கடுகளவு மாம்பழ மஞ்சள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் நல்ல பழக்கமுள்ளவர்கள். பறவையின் கண் எங்கள் கண்ணை விட நிறத்தைக் கூர்மையாகப் பார்க்கும் என்று நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்தேன். அதில் பரீட்சையும் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். அந்தக் கரையில் நின்ற அத்தனை பேரிலும் அதைப் புத்தகத்தில் படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்குத்தான் அது ஞாபகம் வரவில்லை. ஏனென்றால் நான் அன்றைக்கு வாத்துகளைப் பார்க்கவில்லை. என்னை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் முடிந்து படம் எடுத்தவரிடம், லெஸ் துவக்கை மடித்துக்கொண்டு வந்தாரே, அது ஏன் என்று கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "அது மரியாதை. ஒரு ஆளுக்குக் கிட்டப் போகேக்க குழலை மடிச்சு, உள்ளுக்குத் தோட்டா இல்லை எண்டு காட்டவேணும். குழலுக்குள்ளால அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியவேணும். மடிக்காமல் கிட்ட வாறவனோட அங்க ஒருத்தரும் கதைக்கமாட்டினம்" என்றார். கையில் துவக்குடன் என்று எழுதினேன் அல்லவா. அந்த மனிதர் தன்னிடமிருந்த மிகப் பெரிய மரியாதையைச் செய்துகொண்டு என்னிடம் வந்திருக்கிறார். அதையே நான் அவருக்கு எதிரான சாட்சியாக எழுதியிருக்கிறேன்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். "முடிஞ்ச விசயம், விடுங்கோ" என்றார். அந்த வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது.

அந்த வருடக் கடைசியில் நீ பள்ளிக்கூடத்தால் வந்து, "வீடு முழுக்க என்ன இந்த மருந்து நாத்தம்?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டது ஞாபகமா? பழைய வெள்ளைப் பருத்திச் சேலை ஒன்றைத் தேயிலைச் சாயத்திலும், கம் மரப்பட்டை அவித்த தண்ணீரிலும் மாறி மாறித் தோய்த்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. மூன்று தரம் தோய்த்த பிறகு அது சேறும் நாணலும் கலந்த ஒரு நிறத்துக்கு வந்தது. சேலைக் கரையை மட்டும் கொஞ்சம் வெளிறலாக விட்டேன். காய்ந்த நாணலில் அப்படி ஒரு கோடு இருக்கும்.

அடுத்த மார்ச்சில் அதே சதுப்பு. லெஸ் மேசையடியில் இல்லை. தன் காரடியில் தனியாக நின்று தேநீர் குடித்தார். நான் நேரே போனேன். நடக்கும்போது என் இரண்டு கையையும் விரித்து முன்னால் பிடித்திருந்தேன் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் மடிப்பதற்குத் துவக்கு இல்லை. "போன வருசம் உங்களைப் பற்றி எழுதினது நான்தான். பிழையாக எழுதினேன். மன்னிக்கவேணும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலையைப் பார்த்தார். கீழிருந்து மேலே, அவசரமில்லாமல்.

"என்ன சாயம்?"

"தேயிலை. கம் மரப்பட்டை."

"ரெண்டு தரமோ?"

"மூண்டு தரம்."

"அந்தக் கோடு? தற்செயலோ?"

"இல்லை. நாணல்."

அவர் தலையை ஆட்டினார். கோப்பையின் அடியில் இருந்ததைப் புல்லில் ஊற்றினார். "நீங்கள் ஏன் எண்டு கேட்டிருக்கலாம், மிஸ்ஸஸ்" என்றார். கோப்பையைக் காருக்குள் வைத்துவிட்டு, "நானும் சொல்லியிருக்கலாம். வாத்துக்கு மஞ்சள் தெரியும் எண்டு சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும். நாங்கள் காரணம் சொல்லிப் பழகாத ஆக்கள்" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. "வாங்கோ. கரையில நிண்டா ஒண்டும் தெரியாது" என்று துவக்கை மடித்து முழங்கையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

வழியில் போன வருடத்துக் குரல், "லெஸ், எங்க உன்ர கூடாரம்? காணேல்லையே" என்றது. லெஸ் திரும்பாமல், "உனக்குத் தெரியாட்டில் வாத்துக்கும் தெரியாது" என்றார். இந்த முறையும் சிரித்தார்கள். இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது.

அவர் பக்கத்தில், முழங்கால் தண்ணீரில், நாணலுக்குள் நான் நின்றேன். சேலை நனைந்து கனத்தது. நைலெக்ஸ் அல்ல, காயவே இல்லை. விடிந்தது. கறுப்பு நூல் எழும்பியது. இந்த முறை அது வளையவில்லை. எங்கள் தலைக்கு மேலே, கையை நீட்டினால் படும் என்கிற உயரத்தில், நூறு பறவை போனது. படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தச் சத்தம் இல்லை. பட்டுச் சேலையை இரண்டு கையாலும் பிடித்து உதறினால் வருமே, அது நூறு மடங்கு. ஒரு பறவையின் கண் என்னைக் கடந்து போனதைக் கண்டேன். அது என்னைக் காணவில்லை. நான் உடுத்தது சேலைதான், நெற்றியில் பொட்டும் இருந்தது, ஆனாலும் அந்தச் சதுப்பில் நான் ஒரு நாணல். பிறகு லெஸ் சுட்டார். இரண்டு விழுந்தன. அதை உனக்கு மறைக்க மாட்டேன். பின்னேரம் அந்த இரண்டு சிறகையும் நான்தான் வெட்டி அளந்தேன். அந்த மனிதர்களோடு எல்லாவற்றிலும் நான் ஒத்துப்போனேன் என்று நினைக்காதே. ஒத்துப்போகாமலும் பக்கத்தில் நிற்கலாம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

லெஸ் அந்த மேசைக்குத் திரும்பி வரவே இல்லை. நான் இன்னொரு கடிதம் எழுதி, அவரை அழைக்கவும் வைத்தேன். "வேண்டாம், வேற ஆள் பழகியிட்டான்" என்று சொல்லிவிட்டார். நான் எடுத்ததை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஆறு வருடமாகிறது. இப்போதும் ஒவ்வொரு மார்ச்சிலும் அந்த மேசையில் உட்காரும்போது அது அவருடைய கதிரை என்ற நினைப்பு வராமல் இருப்பதில்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு, ஆகையால் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் முடிப்பேன் என்று எதிர்பார்க்காதே. அதே சதுப்பில் அதே வருடம் ஒரு ஆள் நான் ஊற்றிக் கொடுத்த தேநீரை வாங்கி, நான் பார்க்கும்போதே தரையில் ஊற்றினான். அதற்கு எந்த வாத்தின் கண்ணும் காரணமில்லை. அது அதுதான். அப்படிப்பட்டவனுக்காக உன் பின்னலில் ஒரு மயிரைக்கூட வெட்டவேண்டாம். ஆனால் இவன் எவன், அவர் எவர் என்று தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. எதையும் சந்தேகப்படுகிறவள் என்று என்னை நீங்கள் இருவரும் கேலி செய்வீர்கள். நான் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், என் மனம் புண்பட்டதை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. என் பிழை அதுதான்.

உன்னுடைய வைத்தியர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மாட்டைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கூண்டின் கதவு பாரமாக வந்து மூடும் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். இடுப்பு வரைக்கும் தொங்கும் பின்னல் அதற்குள் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். கொண்டையாக முடிந்து தொப்பிக்குள் வைத்தால் போதுமோ என்றும் நினைத்தேன். அல்லது அவருக்குப் பின்னலையே பிடிக்கவில்லையோ, உன்னையே பிடிக்கவில்லையோ. இரண்டும் நடக்கும். எது என்று உனக்கும் தெரியாது, பிள்ளை. நீ கேட்கவில்லை. என் மகள்தானே.

உன் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ ஒட்டியபடியே இருக்கிறது, முத்திரையும் உன்னுடையதுதான். அவருடைய தொலைபேசி இலக்கம் உன்னிடம் இருக்கிறது. ஒரே ஒரு சொல், ஏன் என்று கேள். பதிலைக் கேட்டபிறகும் இந்தக் கடிதம் சரி என்று பட்டால், உன் கையாலேயே பெட்டியில் போடு. அதற்குப் பிறகு நானும் ஒரு சொல் சொல்ல மாட்டேன், அப்பாவையும் சொல்ல விடமாட்டேன். போகத்தான் போகிறாய் என்றால், அந்த ஊரில் ஒரு மனிதன் துவக்கோடு உன்னை நோக்கி வரும்போது அவன் முகத்தைப் பார்க்காதே. முதலில் முழங்கையைப் பார். குழல் மடிந்து அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார். தெரிந்தால், நில்.

அன்புடன்,
அம்மா